நாலு-பத்துத் துவக்கும் என் கெற்றப்போலும்

ரொறன்ரோவில் இருக்கும் கூட்டாளி கேட்டான்: "மச்சான், சும்மா குறி பார்த்துச் சுட .410 துவக்கு வாங்கட்டோ? சின்னத் தோட்டா, செலவும் குறையும்தானே." குறையாது. அதில் ஈயச் சன்னம் 14 கிராம் அளவுதான், குழல் அகலம் கூடிய 12 போர்த் துவக்கில் 28 கிராம் வரும். ஆனால் பெருமளவில் செய்து விற்பது 12 போர்த் தோட்டாவை என்பதால் சின்னதுக்குத்தான் விலை கூட. சன்னம் குறைவு, குறிக்காக வானில் எறியும் களிமண் தட்டில் படுவதும் கஷ்டம். தோள் நோகக் கூடாதென்றால் இரண்டுக்கும் இடைப்பட்ட 20 போர் எடு என்றேன்.

அப்புறம், நான் எதால் சுடுகிறேன் என்று கேட்டான். வன்னியில் ரின்மீன் பேணி சுட யார் துவக்கு தருவார்கள்? 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும். பன்றியிடமிருந்து பயிரைக் காக்கும் கமக்காரருக்கே அது பெரும்பாடு. ஒரு வெடிச் சத்தம் கேட்டால் ஊரே படலைக்கு வந்துவிடும். என்னிடம் இருப்பது கெற்றப்போல், அதாவது கவரில் இறப்பர் கட்டிய உண்டிவில்.

அதன் கொய்யாக் கவருக்கு, கவட்டைக் கிளைக்கு, ஒரு குறையும் இல்லை. வருடக் கணக்காகக் கையில் இருக்கிறது, பிடி மெருகேறிவிட்டது. குளத்துக் களியை உருட்டிக் காயவைத்த குண்டு இன்னும் அருமை. செலவில்லை, பேணியில் பட்டதும் தூளாகிவிடும். 8 மில்லிமீற்றர் இரும்புக் குண்டு நேராகப் போகும், ஆனால் தகரத்தில் பட்டு முகத்துக்கே திரும்பும். கண்ணாடி போடாமல் அதைத் தொடாதீர்கள். பற்றைக்குள் போன குண்டைத் தேடியும் போகாதீர்கள். மிதிவெடிப் பலகை நின்ற இடங்கள் எவை என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும்.

என் கோபமெல்லாம் இறப்பர் மேல்தான். இப்போது வரும் சைக்கிள் ரியூப் பியூட்டைல் என்ற செயற்கை இறப்பர். காற்றை நன்றாகப் பிடிக்கும், இழுத்து விட்டால் சோம்பலாகத் திரும்பும். குண்டு பேணிக்கு முன்னாலேயே விழுந்துவிடும். இயற்கை இறப்பர்ப் பட்டி, கவர்ப் பக்கம் அகலமாகவும் குண்டு வைக்கும் தோல் பக்கம் ஒடுக்கமாகவும் வெட்டியது, சுள்ளென்று அடிக்கும். சரி, அதைப் போட்டால் வெயில் விடுகிறதா? சோளகம் வீசும் மாதங்களில் வெளியே தொங்கவிட்டால் ஓரமெல்லாம் வெடித்துவிடும். இழுவையிலேயே விட்டுவைத்தால் இன்னும் கெதியாக. பிளாஸ்ரிக் பையில் சுற்றி இருட்டில் வைத்தால் கொஞ்சம் தாங்கும்.

1876இல் ஹெனரத்கொடவில் இறப்பர்க் கன்று நட்ட நாடு இது. கிளிநொச்சிக் கடையில் நல்ல பட்டி கேட்டால் காசுக்கட்டுக்குப் போடும் வளையத்தை எடுத்து நீட்டுகிறார்கள்!

போன கிழமை பட்டி அறுந்து கன்னத்தில் விளாசியது, தடம் இன்னும் இருக்கிறது. கொழும்பில் ஒருவரிடம் புதுப் பட்டிக்குச் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: கெற்றப்போல் வேண்டாம், கல்லெடுத்துக் கையால் எறியுங்கள்.