கையிருப்பா, மத்திய வங்கியா? மொரீசியசின் இரு நெருக்கடி கால வரவு செலவுத் திட்டங்கள்

2008-09 உலக நிதி நெருக்கடியின்போது ராமா சித்தானெனும், 2020 பெருந்தொற்றின்போது ரெங்கநாதன் படையாச்சியும் மொரீசியசின் நிதியமைச்சர்களாக இருந்தார்கள். இருவரும் தமிழ் வம்சாவளியினர் என்பதால் மொரீசியஸ் தமிழர்களான நம் வீடுகளில் இந்த ஒப்பீடு கொஞ்சம் சூடாகவே நடக்கும். யார் கெட்டிக்காரர் என்று பேசுவதைவிட, பணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதே பயன் தரும்.

சித்தானென் 2005இல் பொறுப்பேற்றபோது ஆடை ஏற்றுமதிக்கு இருந்த ஒதுக்கீட்டு (கோட்டா) பாதுகாப்பு முடிந்துவிட்டது. நம் சர்க்கரைக்குத் தந்துவந்த உறுதி விலையில் 36 விழுக்காட்டைக் குறைக்க ஐரோப்பிய ஒன்றியம் முனைந்திருந்தது. அவர் வருமான வரியை 15 விழுக்காடு என்ற ஒரே வீதத்துக்குக் கொண்டுவந்ததோடு, சேமிப்பு வட்டிக்கும் வீட்டுக்கும் வரி விதித்தார். அந்தக் கசப்பு மருந்தால் கிடைத்த கையிருப்பில்தான் 2008 டிசம்பரில் 1,040 கோடி மொரீசியஸ் ரூபாய் ஊக்கத் திட்டத்தை அறிவிக்க முடிந்தது. 2009இலும் பொருளாதாரம் சுமார் 3 விழுக்காடு வளர்ந்தது. (2010 தேர்தலில் அவருக்குக் கட்சி வாய்ப்பே தரவில்லை என்பது வேறு கதை.)

வளர்ச்சியை மட்டும் வைத்து 2020ஐ எடைபோடுவது நியாயமாகாது. 2009இல் சுற்றுலாப் பயணிகள் 9.3 லட்சத்திலிருந்து 8.7 லட்சமாகத்தான் குறைந்தார்கள். 2020இலோ எல்லைகள் மூடப்பட்டதால் சுமார் 14 லட்சத்திலிருந்து 3 லட்சத்துக்கு விழுந்தார்கள். பொருளாதாரம் 15 விழுக்காட்டை ஒட்டிச் சுருங்கியது. அந்நிலையில், மாதம் 50,000 ரூபாய் வரை ஊதியம் பெற்ற தனியார் துறை ஊழியர்களுக்கு அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அரசே ஏற்றுக்கொண்டதையும், சுயதொழில் செய்வோருக்கு 5,100 ரூபாய் தந்ததையும் நான் குறைசொல்ல மாட்டேன். அது இல்லையென்றால் பல வீடுகளில் அடுப்பெரிந்திருக்காது.

என் மறுப்பு செலவில் இல்லை, வரவில் இருக்கிறது. மத்திய வங்கி அரசுக்கு 6,000 கோடி ரூபாயைக் கொடுத்தது. நாட்டின் ஆண்டு உற்பத்தியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கான அத்தொகை, திருப்பித்தர வேண்டாத மானியமாக வந்தது. அதே வங்கி 8,000 கோடி ரூபாய் ஒதுக்கி, தள்ளாடும் நிறுவனங்களில் முதலிட ஒரு முதலீட்டுக் கழகத்தையும் உருவாக்கியது. அதன் உரிமையை வங்கி கைவிட வேண்டும் என்று பன்னாட்டு நாணய நிதியம் 2021இலேயே அறிவுறுத்தியது. அந்த 6,000 கோடி மானியத்தை அரசுக் கணக்கில் வருவாயாக எழுதினால் பற்றாக்குறை சிறியதாகத் தோன்றும். நிதியீட்டமாக, அதாவது பற்றாக்குறையை அடைக்க வந்த பணமாக, எழுதினால் பள்ளம் வெளியே தெரியும்.

அந்தப் பள்ளத்தின் ஒரு பகுதியைச் சந்தையில் நாம் நிரப்பினோம். 2019 இறுதியில் ஒரு டாலருக்கு 36 ரூபாயை ஒட்டியிருந்த மாற்று விகிதம், மூன்றே ஆண்டுகளில் 44ஐ நெருங்கியது. 2022இல் விலைவாசி 10.8 விழுக்காடு ஏறியதற்கு உக்ரைன் போரும் கப்பல் கட்டணமும் காரணங்கள்தாம். ஆனால் அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய் எல்லாம் கப்பலில் வந்திறங்கும் தீவில் ரூபாய் இளைத்ததும் அந்த விலையில் சேர்ந்தது. மறைந்த அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசனின் முகமும் தமிழ் எழுத்தும் தாங்கிய 100 ரூபாய்த் தாளைத் தலைநகர் போர்ட் லூயி சந்தையில் நீட்டியவருக்கு அது பற்றி யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதே 6,000 கோடியை, சுற்றுலா மீண்டதும் ஆண்டுதோறும் திருப்பிச் செலுத்தும் கடனாக வாங்கியிருந்தால், ஊதிய உதவியும் நின்றிருக்காது, மத்திய வங்கியின் கையும் இவ்வளவு கட்டப்பட்டிருக்காது.