கணவர் போட்ட சட்டத்துக்கு மனைவி பதில் சொல்ல வேண்டுமா?

உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எடுத்தாலே சேலத்தில் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். முன்னாள் கவுன்சிலரின் மனைவி வார்டில் நிற்கிறார். கணவர் காலத்தில் கட்டாத சாக்கடைக்கு இவரிடம் கணக்குக் கேட்கலாமா?

கூடாது என்பவர்களின் வாதம் நேரானது: கையெழுத்துப் போட்டவரே பொறுப்பு. பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கிய பிறகும் அவர்களைக் கணவரின் நிழலாகவே பார்ப்பது அநியாயம்தான்.

கேட்கலாம் என்பவர்களுக்கு ஹிலாரி கிளின்டன் கதை கைகொடுக்கும். 1994-இல் அவருடைய கணவரும் அப்போதைய அமெரிக்க அதிபருமான பில் கிளின்டன் கையெழுத்திட்ட குற்றத் தடுப்புச் சட்டத்துக்கு ஹிலாரி வாக்களிக்கவில்லை. அப்போது அவர் எம்.பி.யும் இல்லை, அதிபரின் மனைவி, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சட்டத்தை ஆதரித்து வெளிப்படையாகப் பேசினார். அதற்கு முந்தைய ஆண்டே மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 2008-இல் அதிபர் வேட்பாளராக முயன்றபோது வெள்ளை மாளிகை அனுபவத்தைத் தன் தகுதியாகவே முன்வைத்தார். அப்புறம் 2016-இல் அவர் மறுபடி அதிபர் தேர்தலில் இறங்கியபோது, கறுப்பினத்தவர் பலர் சிறைக்குப் போகக் காரணம் என்று விமர்சிக்கப்பட்ட அந்தக் குற்றத் தடுப்புச் சட்டத்தைப் பற்றிக் கறுப்பின இளைஞர்கள் அவரிடம் கேட்டதில் என்ன தப்பு?

என் கணக்கு இதுதான். அம்மாபேட்டைப் பக்கம் ஒட்டும் நோட்டீஸில் கணவர் படம் பெரிதாகவும், வேட்பாளர் படம் ஓரமாகவும் இருந்து, ‘அவர் கட்டிய தண்ணீர்த் தொட்டி’ என்று வாக்குக் கேட்டால், சாக்கடையைப் பற்றியும் தாராளமாகக் கேளுங்கள். சரி, கணவர் பெயரையே எடுக்காமல் தன் வேலையைச் சொல்லி வருபவரிடம்? பழைய கணக்கை அங்கே நீட்ட நமக்கு உரிமையே இல்லை. சாக்கடையை எப்போது கட்டுவீர்கள் என்று கேட்போம்.