கை கட்டப்படும் நாள் எது? ஆர்ஓடிசி உதவித்தொகையும் அதற்குப் போட்டியான வழிகளும்

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அன்றைக்கு இரண்டு காகிதங்கள் கிடந்தன. ஒன்று, மகனுக்கு இடம் கொடுத்த தனியார் பல்கலைக்கழகத்தின் கட்டண விவரம். இன்னொன்று, அந்தக் கட்டணத்தை அமெரிக்கத் தரைப்படையே கட்டிவிடும் என்று சொல்லும் ஆர்ஓடிசி (கல்லூரியில் படிக்கும்போதே ராணுவ அதிகாரிப் பயிற்சி தரும் திட்டம்) உதவித்தொகைக் கடிதம். அத்தான், "லாட்டரி அடிச்ச மாதிரி இருக்கு" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "தம்பி, புள்ளைய படிக்க அனுப்புறோமா, பட்டாளத்துக்கு அனுப்புறோமா?" என்று என்னைக் கேட்டாள்.

ரெண்டுக்கும்தான். ஆனால் எந்தத் தேதியில் படிப்பு பட்டாளமாக மாறுகிறது என்பதுதான் விஷயம். இந்த வழிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் எது எத்தனை டாலர் தரும் என்றுதான் அடுக்குகிறார்கள். நான் வேறு மாதிரி அடுக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வழியிலும் பையனோ பெண்ணோ "வேண்டாம், நான் திரும்பிப் போறேன்" என்று சொல்லக்கூடிய கடைசி நாள் எது? அதுதான் கை கட்டப்படும் நாள். அந்த நாளை வைத்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

முதலில் ஆர்ஓடிசி. 1916-ல் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் பிறந்த ஏற்பாடு இது. மாணவர் சாதாரணக் கல்லூரியில் சாதாரணப் பட்டப்படிப்பு படிப்பார். கூடவே ராணுவ வகுப்பு, வாரத்தில் சில நாள் விடிகாலை உடற்பயிற்சி, ஒரு மதியம் களப்பயிற்சி. பட்டம் வாங்கும்போது அதிகாரிப் பதவியின் முதல் படி: செகண்ட் லெப்டினென்ட், கடற்படையானால் என்சைன். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் தனித்தனியாக இதை நடத்துகின்றன. மரைன் (கடலிலிருந்து தரையிறங்கிப் போரிடும் படையின் வீரர்) ஆக விரும்புகிறவர் கடற்படை வழியாகவும், விண்வெளிப் படைக்குப் போக விரும்புகிறவர் விமானப்படை வழியாகவும் வர வேண்டும்.

தரைப்படை உதவித்தொகை கல்விக் கட்டணம் முழுவதையும் ஏற்கும். வேண்டுமானால் அதற்குப் பதிலாக விடுதி, சாப்பாட்டுச் செலவை ஏற்கும்படி கேட்டுக்கொள்ளலாம். புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,200 டாலர், கல்லூரி நடக்கும் மாதங்களில் கைச்செலவுக்கு 420 டாலர். விமானப்படையில் உதவித்தொகைக்குள்ளேயே வகைகள் உண்டு. ஒன்று எந்தக் கல்லூரியானாலும் முழுக் கட்டணம் கட்டும், இன்னொன்று சொந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்தோடு நின்றுவிடும். கடிதத்தில் "உதவித்தொகை கிடைத்தது" என்ற வரியோடு நிறுத்திவிடாமல் எந்த வகை என்று பார்க்க வேண்டும். கடற்படை வழியில் போனால், மரைன் ஆகப் போகிறவர் நீங்கலாக, பொதுவாக என்ன பாடம் எடுத்தாலும் கால்குலஸும் கால்குலஸ் அடிப்படையிலான இயற்பியலும் கட்டாயம். வரலாறு படிக்க ஆசைப்பட்ட பையனுக்கு இது இரண்டாம் ஆண்டில்தான் உறைக்கும்.

இதற்கு ஈடாக மொத்தம் எட்டு ஆண்டுக் கடப்பாடு. தரைப்படையில் உதவித்தொகை வாங்கியவர் முழுநேரப் பணியில் சேர்ந்தால் பொதுவாக நான்கு ஆண்டு பணி, மீதி ஆண்டுகள், தேவைப்பட்டால் அழைக்கும் ரிசர்வ் பட்டியலில் பெயர். கடற்படையில் ஐந்து ஆண்டு. விமானப்படையில் பெரும்பாலானோருக்கு நான்கு. ஆனால் விமானி ஆனால், பயிற்சி முடிந்த நாளிலிருந்து பத்து ஆண்டு. பதினெட்டு வயதில் கையெழுத்துப் போடும்போது இந்தப் பத்து ஒரு எண்ணாகத்தான் தெரியும். அதற்குள் கல்யாணம், குழந்தை எல்லாம் வந்துவிடும் என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, கை கட்டப்படும் நாள்? நான்கு ஆண்டு உதவித்தொகையோடு சேர்ந்தவருக்கு அது இரண்டாம் ஆண்டின் முதல் வகுப்பு நாள். முதல் ஆண்டு முழுவதும் அரசு கட்டணம் கட்டியிருந்தாலும், அந்த நாளுக்கு முன் விலகினால் திருப்பித் தர வேண்டியதில்லை. அந்த நாளைத் தாண்டி விலகினால் இரண்டில் ஒன்று: பணத்தைத் திருப்பிக் கட்டு, அல்லது சிப்பாயாகப் பணி செய். எது என்பதை முடிவு செய்வது ராணுவம், மாணவர் இல்லை. தரைப்படையின் 597-3 எண் ஒப்பந்தப் படிவத்தில் இதெல்லாம் இருக்கிறது. அத்தான் அதைப் படிக்கவே இல்லை.

உதவித்தொகை இல்லாமலும் ஆர்ஓடிசியில் சேரலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. முதல் இரண்டு ஆண்டு வெறும் வகுப்பாக எடுத்துவிட்டு, பிடிக்காவிட்டால் ஒரு கையெழுத்தும் இல்லாமல் வெளியே வரலாம். மூன்றாம் ஆண்டில் ஒப்பந்தம் போட்டால்தான் கட்டு. போட்டதிலிருந்து மாதப் பணமும் வரும். நன்றாகச் செய்கிறவர்களுக்குக் கல்லூரிக்குள்ளேயே மூன்றாண்டு, இரண்டாண்டு உதவித்தொகைகளும் உண்டு. ஆனால் அப்படி நடுவில் வாங்கினால் முதலாண்டு விலக்கு கிடையாது. கையெழுத்துப் போட்ட அன்றே கட்டு.

இங்கே ஒரு நுணுக்கம். 9/11-க்குப் பிந்தைய ஜிஐ பில் என்ற கல்வி உதவி, 36 மாதம் முழுநேரப் பணி செய்தவருக்கு முழுமையாகக் கிடைக்கும். மேற்படிப்புக்கு அது பெரிய தொகை. ஆனால் ஆர்ஓடிசி உதவித்தொகைக்காகச் செய்யும் கட்டாயப் பணி அந்தக் கணக்கில் சேராது. நான்கு ஆண்டு முடித்த பிறகு அடுத்த மூன்று ஆண்டு செய்தால்தான் முழு உதவி, அதாவது ஏழாம் ஆண்டில். உதவித்தொகை வாங்காமல் அதே ஆர்ஓடிசியில் படித்துத் தரைப்படையில் மூன்று ஆண்டு கடப்பாட்டோடு சேர்ந்தவருக்கு, அந்த மூன்றாம் ஆண்டு முடிவிலேயே முழு உதவி கைக்கு வந்துவிடும். கட்டணம் குறைவான அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவருக்கு, இளங்கலைக்குக் கிடைக்கும் உதவித்தொகையை விட முதுகலைக்குக் கிடைக்கும் ஜிஐ பில் அதிக மதிப்புள்ளதாக இருக்கக்கூடும். இதை எந்த ஆள்சேர்ப்பு அலுவலரும் தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்தது ராணுவ அகாடமிகள். தரைப்படைக்கு வெஸ்ட் பாயின்ட், கடற்படைக்கு அனாபொலிஸ், விமானப்படைக்கு கொலராடோ ஸ்பிரிங்ஸ். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம், மேலே மாதச் சம்பளம் வேறு. உள்ளே போவதுதான் பாடு. மதிப்பெண், உடல்தகுதியோடு பொதுவாகச் செனட்டர் அல்லது பிரதிநிதிகள் சபை உறுப்பினரின் பரிந்துரையும் வேண்டும். அந்தப் பரிந்துரைக்கே தனி விண்ணப்பம், தனி நேர்காணல். கடலோரக் காவல்படை அகாடமிக்கு மட்டும் பரிந்துரை தேவையில்லை. கை கட்டப்படும் நாள் மூன்றாம் ஆண்டின் தொடக்கம், ஆர்ஓடிசி உதவித்தொகையை விட ஒரு ஆண்டு தள்ளி. பட்டம் பெற்ற பின் குறைந்தது ஐந்து ஆண்டு முழுநேரப் பணி. தேதியை மட்டும் பார்த்தால் தாராளமாகத் தெரியும். ஆனால் அங்கே முதல் நாளிலிருந்தே ராணுவ வாழ்க்கை. சாதாரணக் கல்லூரி எப்படி இருக்கும் என்று தெரியாமலே நான்கு ஆண்டு ஓடிவிடும். ஆர்ஓடிசியில் மாலை ஐந்து மணிக்குச் சீருடையைக் கழற்றிவிட்டு நண்பர்களோடு உட்காரலாம். எனக்கு அந்த மாலை ஐந்து மணி முக்கியமாகத் தெரிகிறது. சில பிள்ளைகளுக்கு அது தேவையே இல்லை.

மூன்றாவது, படித்து முடித்துவிட்டு வருகிற வழி. தரைப்படையின் அதிகாரிப் பயிற்சி ஜார்ஜியாவில் பன்னிரண்டு வாரம். கடற்படைக்கு ரோட் ஐலண்டின் நியூபோர்ட், விமானப்படைக்கு அலபாமாவின் மேக்ஸ்வெல், மரைன்களுக்கு வர்ஜினியாவின் குவான்டிகோ. கல்லூரிக்குப் பைசா வராது. ஆனால் இருபத்திரண்டு வயது வரை எந்தக் கட்டும் இல்லை. பணி செய்யும் காலம் முதல் நாளிலிருந்தே ஜிஐ பில் கணக்கில் ஏறும். குறை என்னவென்றால், படைக்கு எத்தனை அதிகாரிகள் குறைகிறார்களோ அதைப் பொறுத்தே இந்தக் கதவு அகலும், சுருங்கும். கடன் வாங்கிப் படித்துவிட்டு, சேர்க்கை குறைவான ஆண்டில் போய் நின்றால் ஏமாற்றம்தான்.

மரைன்களிடம் இதற்கும் ஆர்ஓடிசிக்கும் நடுவில் பிஎல்சி என்று ஒன்று இருக்கிறது. கல்லூரி நாட்களில் சீருடையும் கிடையாது, வகுப்பும் கிடையாது. இரண்டு கோடைகளில் ஆறு ஆறு வாரம், அல்லது ஒரே கோடையில் பத்து வாரம் குவான்டிகோவில் பிழிந்தெடுப்பார்கள். அதை முடித்த பிறகும், படிப்புக்கென்று அவர்களிடம் பணம் வாங்காதவர், கமிஷன், அதாவது அதிகாரிப் பதவி, வேண்டாம் என்று சொல்லலாம். கல்லூரியில் இருக்கும்போதே சேர்கிற வழிகளில் கடைசி நாள் மிகவும் தள்ளிப் போவது இதில்தான். அந்த வழிகளில் பணமும் குறைவாக வருவது இதில்தான். இரண்டும் ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை.

பொறியியல், இயற்பியல், கணிதம் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் என்யூபாக் என்ற பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடற்படையின் அணு உந்துவிசை அதிகாரிகளுக்கான திட்டம். பட்டம் வாங்க அதிகபட்சம் 30 மாதம் இருக்கும்போதே சேர்த்துக்கொண்டு, மாணவருக்குக் கடற்படை மாதச் சம்பளம் தரும். கல்லூரியில் சீருடை, அணிவகுப்பு எதுவும் இல்லை. கல்லூரிக் கட்டணத்தை அந்தச் சம்பளத்திலிருந்து அவரே கட்டிக்கொள்ள வேண்டும். தேர்வு நடப்பது வாஷிங்டனில். பொறியாளர்கள் முதலில் கால்குலஸையும் இயற்பியலையும் வெள்ளைப் பலகையில் போட்டுக் காட்டச் சொல்வார்கள். கடைசியில் அணு உந்துவிசைப் பிரிவின் தலைவரான நான்கு நட்சத்திர அட்மிரலே நேரில் பார்த்து முடிவு செய்வார். அமெரிக்க அணுக் கடற்படையை உருவாக்கிய அட்மிரல் ஹைமன் ரிக்கோவர் காலத்திலிருந்து வரும் பழக்கம். ஐஐடி நுழைவுத் தேர்வைத் தாண்டிய பெற்றோருக்குக்கூடக் கொஞ்சம் வயிறு கலங்கும். ஆனால் இங்கே "ஒரு ஆண்டு பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பது கிடையாது. உறுதிமொழி எடுத்த அன்றே கட்டு.

நேஷனல் கார்டு என்ற, மாநிலங்களின் பகுதிநேரப் படை பற்றிச் சுருக்கமாக. மாதம் ஒரு வார இறுதி, கோடையில் இரண்டு வாரம். சில மாநிலங்கள் கல்விக் கட்டணத்தையே ஏற்கின்றன. இல்லினாயில் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அப்படி ஒரு மானியம் உண்டு. ஆனால் சேர்வது அதிகாரியாக அல்ல, சிப்பாயாக. கட்டு முதல் நாளிலேயே. நடுவில் படிப்பை நிறுத்திவிட்டுப் பணிக்குப் போகும்படி அழைப்பும் வரலாம். நேஷனல் கார்டில் இருந்துகொண்டே ஆர்ஓடிசியில் ஒப்பந்தம் போட்டால் அந்த அழைப்பிலிருந்து விலக்கு கிடைக்கும். நேஷனல் கார்டுதான் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு இந்த இரட்டைச் சேர்க்கையையே நான் சொல்வேன்.

சீருடையே வேண்டாம், அரசுப் பணம் மட்டும் வேண்டும் என்றால்? பாதுகாப்புத் துறையின் ஸ்மார்ட் உதவித்தொகை அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கு முழுக் கட்டணமும் நல்ல மாதத் தொகையும் தருகிறது. எத்தனை ஆண்டு பணம் வாங்கினோமோ அத்தனை ஆண்டு, துறையின் ஆய்வகத்தில் சாதாரண ஊழியராக வேலை. எந்த இடம் என்பது முன்பே தெரிந்துவிடும். சைபர்கார்ப்ஸ் உதவித்தொகையும் பார்வைக்கு அதே மாதிரிதான், ஆனால் படிப்பு முடிந்த பின் அரசு வேலையை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும். கிடைக்காவிட்டால் வாங்கிய பணம் கடனாக மாறிவிடும். 2025-ல் மத்திய அரசு ஆளெடுப்பை நிறுத்தியபோது பலர் இந்தப் பள்ளத்தில்தான் மாட்டினார்கள். ராணுவ ஒப்பந்தம் கடுமையானது, ஆனால் வேலை தருவது அவர்கள் பொறுப்பு.

இதற்கெல்லாம் முன்னால் நம் வீடுகளில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பிள்ளைக்கு அமெரிக்கக் குடியுரிமை இருக்கிறதா? எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தருவது) வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆர்ஓடிசி உதவித்தொகை கிடையாது. பச்சை அட்டை வைத்திருப்பவர் சிப்பாயாகச் சேரலாம், அதிகாரியாக முடியாது. ஒரு காலத்தில் மாவ்னி என்ற திட்டம் விசாவில் இருந்தவர்களையும் மொழியறிவுக்காகச் சேர்த்துக்கொண்டது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-ல் அதை நிறுத்திவிட்டார்கள்.

குடியுரிமை இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு முடிச்சு. வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) கிடையாது என்பது இந்திய அரசின் விதி. ஏற்கெனவே அட்டை வைத்திருக்கும் பிள்ளையானால், கையெழுத்துப் போடுவதற்கு முன் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள். அதே போல, பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்ததாக மருத்துவக் கோப்பில் ஒரு வரி இருந்தாலும் உடல்தகுதிச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். விலக்கு கேட்கலாம், ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். மழைக்கால இருமலுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த இன்ஹேலர் எல்லாம் அப்போது வெளியே வரும்.

அக்கா மகன் கடைசியில் உதவித்தொகையை எடுத்துக்கொண்டான். அரசுப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை இல்லாமல் சேர்ந்து பார் என்றுதான் நான் சொன்னேன், கேட்கவில்லை. அக்டோபரில் அவனைப் பார்க்கப் போனபோது, விடிகாலை ஐந்தே முக்காலுக்கு வாகன நிறுத்தத்தில் இருட்டில் நின்றுகொண்டிருந்தான். இடுப்பில் மஞ்சளாய் ஒளிரும் பட்டை, முதுகில் 35 பவுண்டு மூட்டை. "கால் எல்லாம் கொப்புளம் மாமா" என்றான். வருத்தமா பெருமையா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அக்கா வீட்டுச் சமையலறைக் காலண்டரில் அடுத்த ஆகஸ்ட் மாதத் தாளைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டாம் ஆண்டு வகுப்பு தொடங்கும் தேதியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.