குடி சிகிச்சை முடிந்து எங்கே தங்குவது? கிருஷ்ணகிரி கூட்டு வீட்டில் நீண்ட நாள் இருந்த அனுபவம்

சிகிச்சை முடிந்ததும் ஆளை நேராக வீட்டுக்குக் கூட்டிப் போவதுதான் நம்ம பக்கம் வழக்கம். சிலருக்கு அது சரிப்பட்டு வரும். எங்கள் வீட்டுக்கும் டாஸ்மாக்குக்கும் கூப்பிடு தூரம், வீட்டிலேயே குடிக்கிற ஆட்களும் உண்டு, அதனால் சிகிச்சையில் ஆலோசனை சொன்ன கவுன்சிலரே கொஞ்ச காலம் வேறு இடத்தில் தங்கச் சொன்னார். அப்படித்தான் பழையபேட்டையில் ஒரு மாடி வீட்டுக்குப் போனேன். குடியை விட்டவர்களே சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு. ஒரு மாங்காய் சீசனில் சேர்ந்து அடுத்த சீசனையும் தாண்டி அங்கேதான் இருந்தேன்.

இது மறுவாழ்வு மையம் இல்லை, டாக்டர், நர்ஸ் யாரும் இருக்க மாட்டார்கள். குடியை நிறுத்திய முதல் சில நாட்களில் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் கட்டத்தை ஆஸ்பத்திரியில் தாண்டி வந்தவர்களை மட்டும்தான் சேர்த்துக்கொள்கிறார்கள்.

எனக்கு அங்கே ரொம்ப உதவியது சாயங்காலம்தான். வேலை முடிந்து உடம்பு அசந்து, கையில் காசோடு திரும்பும் நேரம், கடையோ ராத்திரி 10 மணி வரை திறந்திருக்கும். அந்த நேரத்தில் யாரும் தனியாக இருக்கக்கூடாது என்பது வீட்டு விதி. ஒருத்தர் களி கிண்டுவார், ஒருத்தர் கீரை கடைவார், ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருத்தருக்கொருத்தர் துணையாகக் கூடுவது) கூட்டம் இருக்கிற நாளில் எல்லோரும் சேர்ந்தே போவோம். சனிக்கிழமை சம்பள நாள், அன்றைக்கு இன்னும் கவனம். மாங்கூழ் பேக்டரியில் வேலை பார்த்த அண்ணன் ஒருத்தர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று வாடகைப் பங்கை எண்ணிக் கொடுத்து, ஆணியில் தொங்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். மீதிப் பணத்தை மறுநாள் காலையில் அவர் சம்சாரம் வந்து வாங்கிக்கொண்டு போவார்.

குடிக்காமல் இருப்பதற்காக டாக்டர் தரும் டைசல்பிரம் மாத்திரை எடுப்பவர்கள் காலையில் இன்னொருத்தர் முன்னால்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அதைச் சாப்பிடுகிறவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு வரும், சில சமயம் உயிரே போகலாம், மாத்திரையை நிறுத்தி 2 வாரம் வரைக்கும்கூட இந்த ஆபத்து உண்டு. ஆல்கஹால் கலந்த இருமல் மருந்துக்கும் அதனால்தான் வீட்டில் தடை. ஆளுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிற குடும்பங்கள் இருக்கின்றன, தயவுசெய்து செய்யாதீர்கள்.

குறை என்றால் ஒரே பாத்ரூம், காலை ஷிப்ட்காரர்களுக்குள் தினமும் சண்டை. கோடையில் தண்ணீர்க் கஷ்டம்.

குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வது என்பதில்தான் எனக்கு நிறைய யோசனை இருந்தது. அமெரிக்காவில் 1975இல் மேரிலாந்தில் தொடங்கிய ஆக்ஸ்போர்டு ஹவுஸ் வீடுகளும் இப்படித்தான், தங்குகிறவர்களே ஓட்டுப் போட்டு நடத்துவார்கள், செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள், குடித்தால் வெளியேற வேண்டும். மற்றவர்களைக் காப்பாற்ற அது தேவைதான். ஆனால் போதையில் இருக்கிறவனை நடுராத்திரியில் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட முடியுமா? எங்கள் வீட்டில் ஒரு தம்பி குடித்துவிட்டு வந்தபோது மூத்தவர்கள் இரண்டு பேர் கூடவே போய் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், உடம்பு தேறியதும் எல்லோரும் உட்கார்ந்து பேசித் திரும்பச் சேர்த்துக்கொண்டோம். இடம் பார்க்கப் போகும்போது இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள், பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

நான் முன்னால் பார்த்த ஒரு மையத்தில் வெளிக்கேட்டுக்குப் பூட்டு, அம்மாவிடம் போன் பேசக்கூட விட மாட்டார்களாம். அங்கே சேரவில்லை. 2017ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடி, போதையால் வரும் மனப் பாதிப்புகளுக்கும் பொருந்தும். சிகிச்சை தருகிற மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

கூட்டு வீடுகளுக்குப் போர்டு எதுவும் இருக்காது. ஏஏ கூட்டத்துக்குக் கட்டணம் கிடையாது, அங்கே நாலு பேரிடம் விசாரித்தால்தான் தெரியவரும். எங்கே தொடங்குவது என்றே புரியவில்லை என்றால் 14446க்குக் கூப்பிடுங்கள், போதை மீட்புக்கான இலவச எண், குடும்பத்தாரும் பேசலாம்.