ஓவர்பூஸ்ட்: ஸ்கேனரா, கைப்பம்பா, புது டர்போவா?

மேட்டில் மிதித்து ஏறும்போது இழுவை திடீரென்று செத்துவிடுகிறது. ஓரங்கட்டி, சாவியை அணைத்துப் போட்டால் வண்டி பழையபடி ஓடுகிறது. ஸ்கேனர் மாட்டினால் பி0234 என்ற கோளாறு எண், அதாவது ஓவர்பூஸ்ட்: டர்போ அழுத்தம் எல்லை மீறியதால் கம்ப்யூட்டர், சக்தியைக் குறைத்து எஞ்சினைக் காக்கும் லிம்ப் மோடுக்குப் போயிருக்கிறது. பழைய 1.9 டிடிஐ டீசல் (ஸ்கோடா லாராவில் வந்ததே, அந்த எஞ்சின்) வைத்திருப்பவர்களுக்குப் பழகிய கதைதான்.

"டர்போ போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்பவரை முதலில் அனுப்பிவிடலாம். டர்போ தேய்ந்தால் அழுத்தம் குறையும், எண்ணெய்ப் புகை வரும். அழுத்தம் கூடுகிறதென்றால் டர்போ நன்றாகவே சுற்றுகிறது. அடக்கி வைக்கும் பக்கம்தான் கோளாறு.

அடுத்தது ஸ்கேனர். விசிடிஎஸ் போன்ற மென்பொருளில் டர்போ அழுத்தத்தைக் காட்டும் 011 பிளாக்கைத் திறந்து, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, ஓடும் வண்டியில் பதிவு செய்ய வேண்டும். கேட்ட அழுத்தம் 2100 மில்லிபார், வந்தது 2500, அந்த நொடியில் என்75 சோலினாய்டுக்கு (டர்போவுக்குப் போகும் வேக்கத்தை, அதாவது உறிஞ்சும் விசையை, கட்டுப்படுத்தும் மின்வால்வு) கம்ப்யூட்டர் கொடுக்கும் டூட்டி சதவீதம் சரிந்துகொண்டிருக்கிறது என்று வையுங்கள். கம்ப்யூட்டர் "விடு, விடு" என்கிறது, டர்போ விடவில்லை. சென்சார் பொய் சொல்கிறதா என்றும் இதிலேயே தெரியும்: எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவி மட்டும் போட்டால் சென்னையில் 1000 மில்லிபார் அருகில் காட்ட வேண்டும், ஊட்டியில் 780 அருகில். ஆனால் விடாதது சோலினாய்டா, வேக்கத்தில் டர்போவின் கம்பியை அசைக்கும் ஆக்சுவேட்டரா, உள்ளே படிந்த கரியா? ஸ்கேனர் வாய் திறக்காது.

அங்கேதான் கையால் வேக்கம் இழுக்கும் கைப்பம்ப் ஜெயிக்கிறது. புது டர்போ விலைக்குப் பத்துப் பம்புக்கு மேல் வாங்கலாம். ஆக்சுவேட்டர் ஹோஸைக் கழற்றிவிட்டு பம்பை மாட்டி மெதுவாக இழுங்கள். கம்பி தயங்காமல் ஏற வேண்டும், இழுத்த வேக்கம் அப்படியே நிற்க வேண்டும். முக்கியமானது இறக்கம்தான். கொஞ்சம் கொஞ்சமாக விடும்போது கம்பி வெடுக்கென்று குதித்தோ பாதியில் நின்றோ இறங்கினால், டர்போவின் உள்ளே திரும்பும் இதழ்களில் கரி படிந்திருக்கிறது. ஊருக்குள்ளேயே 2000 ஆர்பிஎம் தாண்டாமல் பொத்திப் பொத்தி ஓட்டிய வண்டிகளில் இது சகஜம். கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கினால் சந்தேகம் சோலினாய்டு மேல் திரும்பும்; அதன் காற்று வெளிவழி அடைத்திருந்தாலும் வேக்கம் தங்கிவிடும். இதழ்கள் திரும்பும் எல்லையை வைக்கும் ஸ்டாப் ஸ்குரூவைத் திருகிச் சரிக்கட்டும் ஆட்கள் உண்டு. கை வைக்க விடாதீர்கள்.

இந்த டீசலில் வேக்கம் ஏற ஏறத்தான் அழுத்தம் கூடும். ஹோஸ் கிழிந்தால் வண்டி சோம்பிப்போகுமே தவிர ஓவர்பூஸ்ட் வராது. 1.8 டர்போ பெட்ரோலில் நேர் தலைகீழ்: அங்கே வேஸ்ட்கேட்டை, அதாவது மிஞ்சிய புகையை டர்போவைச் சுற்றவிடாமல் வெளியே விடும் கதவை, திறப்பதே அழுத்தம்தான், அதைக் கொண்டுபோகும் சின்ன ஹோஸ் வெடித்தால் கேட் திறக்காமல் அழுத்தம் எகிறும். அந்த வண்டிக்கு வேக்கம் பம்பை எடுத்துப் போகாதீர்கள். முதலில் ஹோஸை வளைத்துப் பாருங்கள்.

டீசலுக்கு என் வரிசை: ஸ்கேனரில் ஒரு பதிவு, பிறகு பம்ப். கரி என்று தெரிந்தால் டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டி, அதே மேட்டில், அதே கியரில் 011 பிளாக்கை மறுபடி பதிவு செய்யுங்கள். பழைய பதிவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு மெக்கானிக்குக் காசு கொடுங்கள்.