கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கான தொழில் ஆலோசனை: திருகோணமலையில் என் அனுபவம்

உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். சில வருடங்களாக இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்துகொண்டே வருகிறது. வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், காது கேளாதவர்களுக்கும் கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கும் தொழில் ஆலோசனை தருகிற இடமொன்று திருகோணமலை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது என்று பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தர் சொன்னார். சின்ன இடம். பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டதால் போடவில்லை. உத்தியோகத்தரிடம் கேட்டால் வழி சொல்வார். கட்டணம் இல்லை.

இதற்கு முன் வேறோர் இடத்தில் ஆலோசனை கேட்டிருக்கிறேன். அங்கே இருந்தவர், எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துக் கோடாக வரைந்து தரும் என் ஓடியோகிராமைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "தையல் பழகுங்கோ, வீட்டிலேயே இருந்து செய்யலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பத்து வருடத்துக்கு மேலாகக் கணக்கு, முன்பதிவு, விருந்தினரோடு மூன்று மொழியில் பேச்சு என்று செய்துவருகிறவள் நான். தையல் நல்ல தொழில்தான். ஆனால் காது கேட்காதென்றால் பெண்ணுக்குத் தையல், ஆணுக்குத் தச்சு வேலை என்று ஆளை ஒரு வார்த்தை கேட்காமலே முடிவு செய்வதை என்னால் ஏற்கவே முடியாது.

இங்கே ஆலோசகர் மிஸ் கேட்ட முதல் கேள்வியே வேறு. "காலையில வேலைக்குப் போனதிலயிருந்து வீட்டுக்கு வாற வரைக்கும் என்னென்ன செய்வீங்க? ஒண்டும் விடாமச் சொல்லுங்க." நான் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். தொலைபேசி எடுப்பது, கடவுச்சீட்டு விபரம் பதிவது, அறை காட்டுவது, குசினிக்குச் சாப்பாட்டு ஓடர் சொல்வது, மின்னஞ்சலுக்குப் பதில் போடுவது, இரவுக் கணக்கு முடிப்பது. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதற்குக் காது எவ்வளவு வேண்டும் என்று குறித்தார். காது இல்லாமல் செய்யவே முடியாது என்று கடைசியில் மிஞ்சியது தொலைபேசி மட்டும்தான். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஓடியோகிராமையும் அவர் எனக்கு விளங்கும்படி வாசித்துக் காட்டினார். என் கோடு 500 ஹேர்ட்ஸில் 30 டெசிபல் அளவில் நிற்கும். உயர்ந்த சத்தங்களுக்குரிய 4000 ஹேர்ட்ஸுக்குப் போகும்போது 70க்கு இறங்கிவிடும். டெசிபல் எண் கூடக் கூடக் கேட்பது குறைவு என்று அர்த்தம். கிளினிக்கில் நடுத்தரக் குறைபாடு என்பதோடு நிறுத்திவிட்டார்கள். மிஸ் சொன்னது இது: உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் ஒருவர் பேசுகிறார் என்பது எனக்குத் தெரியும். ச போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் சத்தம் உயர்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அவர் என்ன பேசினார் என்பது பிடிபடாது. ஆண்களின் குரல் விளங்குவதும் சின்னப் பிள்ளைகள் கேட்பது நழுவிப்போவதும் அதனால்தான். "கேக்குது, ஆனா விளங்குதில்ல" என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லி ஒருவரும் நம்பாத விஷயத்துக்கு அந்தக் கோட்டிலேயே விடை இருந்திருக்கிறது.

அடுத்து விடுதிக்கே வந்தார். வந்ததும் என் கதிரையில் உட்கார்ந்து பார்த்தார். எனக்கு எதிரே கடல் பக்கம் திறக்கும் பெரிய யன்னல். விருந்தினர் வந்து நின்றால் வெளிச்சம் அவர்களின் முதுகுப் பக்கம், முகம் இருட்டு. உதட்டைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்கிற எனக்கு உதடு தெரியாத இடத்தில் மேசை! தலைக்கு மேலே கடகடவென்று ஒரு மின்விசிறி வேறு. காதுக் கருவி அந்தச் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெருக்கும். யன்னல் என் முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி மேசையைத் திருப்பிப் போட்டோம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, சும்மா கிடந்த மேசை விசிறியொன்றைத் தூர வைத்தோம். உதட்டில் ப, ம இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும் என்பதால், பெயரையும் திகதியையும் ஊகிக்காமல் எழுதி வாங்கச் சொல்லி ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் வைக்கச் சொன்னார். முதலாளிக்கு ஆன செலவு அந்தப் பலகை மட்டும்தான்.

முதலாளி ஐயாவோடு அவர் கதைத்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. இரக்கப்படச் சொல்லி ஒரு சொல் இல்லை. தொலைபேசியை மற்றத் தம்பியிடம் கொடுங்கள், அவர் செய்கிற அறைக் கணக்கை இவரிடம் கொடுங்கள், வெளிநாட்டு முன்பதிவெல்லாம் எழுத்தில்தானே வருகிறது என்றார். வலுவிழப்பைக் காரணம் காட்டி வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்வதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தார். ஏப்ரலில் சீசன் தொடங்கி ஆட்கள் கூடியதும், எப்படிப் போகிறது என்று வட்ஸ்அப்பில் கேட்டார். குசினி ஓடரில் இன்னும் தடுமாற்றம் என்றேன். இப்போது ஓடர் துண்டில் எழுதித்தான் உள்ளே போகிறது.

அங்கே காத்திருந்தபோது கிண்ணியாவிலிருந்து வாப்பாவோடு வந்த ஒரு தம்பியைப் பார்த்தேன். பிறவியிலேயே காது கேளாதவர், சைகையில் பேசுபவர். மிஸ் கேள்விகளை வாப்பாவிடம் கேட்காமல் தம்பியின் முகத்தைப் பார்த்தே கேட்டார். சைகை மொழிபெயர்ப்பாளர் மிஸ்ஸுக்குப் பக்கத்தில், தம்பி இரண்டு பேரையும் ஒரே பார்வையில் காணும்படி இருந்தார். போன் திருத்தும் வேலைதான் வேண்டும் என்று தம்பியே சொன்னாராம். கடையொன்றில் பயிலுநராகச் சேர்த்து தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்கு வழி பார்க்கிறார்கள். வாப்பாவுக்கு அரசாங்க வேலை ஆசை. அரச வேலை வெற்றிடங்களில் 3 வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988ஆம் ஆண்டின் 27/88 சுற்றறிக்கை இருக்கிறது, ஆனால் அந்த வேலைக்குரிய தகைமை கையில் இருந்தால்தான் அது உதவும் என்று மிஸ் எடுத்துச் சொன்னதாக வாப்பா வெளியே வந்து என்னிடம் சொன்னார்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். முதல் தடவை நேரம் குறிக்கத் தொலைபேசியில்தான் பேச வேண்டும். காது கேளாதவர்களுக்கான இடத்தில் இது எப்படிச் சரி? நான் அக்காவைக் கொண்டு எடுப்பித்தேன். யாரும் இல்லாதவர் என்ன செய்வார்? ஒரு வட்ஸ்அப் இலக்கத்தைக் கதவில் ஒட்டினால் போதும். உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிடுகிறார்கள், அதுவும் வாசலில் இருக்கும் எங்களுக்கு எட்டாது. ஆலோசனை அறைக்குக் கண்ணாடித் தடுப்பு என்பதால் சைகையில் பேசுகிறவரின் சொந்த விஷயம் வெளியே இருக்கிற சைகை தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும். ஒரு திரைச்சீலை கட்டாயம் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருகிறார். அவர் தெற்கில் பழகியவர். சைகைகள் அந்தந்தக் காது கேளாதோர் பாடசாலையைச் சுற்றி வளர்ந்தவை என்பதால் கிண்ணியாத் தம்பியின் சில சைகைகளுக்கு இருவரும் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. தமிழ்ப் பிள்ளைகளின் சைகை தெரிந்த ஒருவரை இந்த மாவட்டத்துக்கு நிரந்தரமாகப் போட வேண்டும். இதை அங்கேயும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

போகிறவர்கள் அடையாள அட்டைப் பிரதியும் அண்மையில் எடுத்த ஓடியோகிராமும் கொண்டுபோங்கள். சைகை மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் செவ்வாய் காலையில் போங்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் நீங்கள் இருந்து வேலை செய்கிற இடத்தைப் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போனால், முதல் நாளிலேயே பேச்சு வேலையில் தொடங்கும்.