தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு சீரம் போத்தல்

என் வீடு கொக்கட்டிச்சோலையில், படிப்பிப்பது ஆரையம்பதிப் பக்கம். வீடு மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலும் வேலை கிழக்குக் கரையான எழுவான்கரையிலும் இருந்தால் வெயிலுக்கே வாழ்க்கைப்பட்ட மாதிரிதான். காலையில் ஸ்கூட்டியில் கிழக்கே போகிறேன், சூரியன் நேரே முகத்தில். பின்னேர வகுப்பு முடித்து மேற்கே திரும்பினால் அவர் எனக்கு முன்னமே அந்தப் பக்கம் போய் நிற்பார். மண்முனைப் பாலத்தில் ஏறிவிட்டால் வாவித் தண்ணீரின் பளபளப்பு வேறு. 2014இல் அந்தப் பாலம் திறக்கும்வரை வாவியைக் கடக்கிற 'பாதை' என்ற மிதவைப் படகுக்குக் காத்து நின்று வாங்கிய வெயில் தனிக் கணக்கு. எல்லாம் சேர்ந்து இரண்டு கன்னத்திலும் பழுப்புப் புள்ளிகளாக வந்து குந்திவிட்டன. மணிக்கூட்டைக் கழற்றினால் அதன் கீழே வேறொருத்தியின் கை.

வைட்டமின் சி சீரம் பூசச் சொன்னது மகள். முதல் போத்தலை ஒரு கடையில் வாங்கினேன், பெயர் வேண்டாம். கடைக்காரத் தம்பி முதலில் எடுத்து நீட்டியது லேபலே இல்லாத ஒரு குட்டி டப்பா. "ஏழு நாளில வெளுக்கும் டீச்சர்" என்றார். அப்படி ஏழு நாளில் வெளுக்கவைக்கும் கிரீம்களில் பாதரசமும் ஸ்டீராய்டும் இருந்து பிடிபட்ட கதைகள் கொஞ்சமல்ல. எனக்கு வெளுக்கவும் வேண்டாம், முகமும் கழுத்தும் ஒரே நிறத்துக்கு வந்தால் போதும். வேண்டாம் என்று சொல்லி, கண்ணாடி அலுமாரியில் வெயில் படுகிற தட்டில் இருந்த சீரத்தை வாங்கி வந்தேன். திறந்தால் பிளேன்டீ நிறம். அதுதான் அதன் நிறம் என்று நினைத்து நாலு நாள் பூசினேன். விரல் நுனியும் நகமும் செம்மஞ்சளாகின, தலையணை உறையில் கறை.

பிறகுதான் தேடி வாசித்தேன். சீரங்களில் போடும் வைட்டமின் சியின் வீரியமான வடிவம் எல்-அஸ்கோர்பிக் அசிட். காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் அதற்கு ஆகாது. கெட்டுப்போகும்போது முதலில் மஞ்சளாகும், பிறகு மண்ணிறமாகும். அப்படிக் கெடும்போது உண்டாகிற ஒன்று எரித்ருலோஸ். வெள்ளைக்காரர்கள் வெயிலில் காயாமலே தோலைக் கறுக்கவைக்கப் பூசும் லோஷன்களில் போடுவதும் அதைத்தான். கறுப்பை எடுக்கப் போய்க் காசு கொடுத்துக் கறுப்பு வாங்கியிருக்கிறேன்!

இரண்டாவது போத்தல் கொழும்பிலிருந்து கூரியரில் வந்தது. 30 மில்லி, 5,600 ரூபாய். பெயரைப் போட்டால் விளம்பரம் என்பீர்கள், அதனால் லேபலில் பார்த்ததைச் சொல்கிறேன்: 15 சதவீதம் எல்-அஸ்கோர்பிக் அசிட், கூடவே வைட்டமின் ஈ, ஃபெரூலிக் அசிட். இந்த இரண்டும் துணை இருந்தால் வைட்டமின் சி சீக்கிரம் கெடாது. 20 சதவீதத்துக்கு மேல் போட்டால் எரிச்சல்தான் கூடும், பலன் கூடாது. கரும்பழுப்புக் கண்ணாடிப் போத்தல், உள்ளே தண்ணீர் போலத் தெளிவு. மணம்தான் சகிக்கவில்லை, வியர்த்த கையில் நெடுநேரம் பொத்தி வைத்த சில்லறைக் காசு மாதிரி. பூசியதும் ஒரு சுருக். புளிப்பைக் காட்டும் பிஎச் எண் 3.5க்குக் கீழே இருந்தால்தான் (எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்) தோலுக்குள் இறங்குமாம், அதனால் அந்தச் சுருக்கைத் தாங்கத்தான் வேண்டும்.

அம்மாவுக்கு விலையைச் சொன்னதும் தலையில் கைவைத்தார். "அதுக்குத் தேசிக்காயைத் தேய்ச்சிட்டுப் போ மகள், அதுவும் வைட்டமின் சிதானே." செய்துவிடாதீர்கள். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் வெந்து கொப்பளிக்கும், காய்ந்த பிறகு கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

எங்கள் ஊர்ச் சூட்டுக்கு, அதுவும் கச்சான் காற்று வீசுகிற நாளில், மேசையில் வைத்தால் அதுவும் பிளேன்டீதான். அதனால் பிரிட்ஜில் எருமைத் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக் கொடுத்தேன். சின்னவன் கண்மருந்து என்று நினைத்து எடுத்த நாளிலிருந்து மூடியில் 'அம்மாவின் முகம்' என்று ஒட்டியிருக்கிறது.

வேலை செய்கிறதா? சும்மா நம்பக்கூடாது என்று கையில் ஒரு சோதனை வைத்தேன். இடது புறங்கையில் காலையில் இரண்டு சொட்டு சீரம், அதன்மேல் எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன். வலது கையில் வெறும் சன்ஸ்கிரீன். பாடசாலை இடைவேளையில் இரண்டு கைக்கும் மறுபடி சன்ஸ்கிரீன். முகத்துக்கு இரண்டும். நாலு கிழமையில் முகத்தில் ஒரு தெளிவு, புள்ளிகள் அப்படியே. எட்டாம் கிழமை மகள்தான் கவனித்தாள், கன்னத்துப் புள்ளிகளின் ஓரம் கரைந்தது போல இருக்கிறது என்று. பன்னிரண்டாம் கிழமை இரண்டு கையையும் ஜன்னலோரம் நீட்டிப் பார்த்தேன். இடது கையில் புள்ளிகள் ஒரு படி மங்கல், உண்மை. ஆனால் சீரமே காணாத வலது கையும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தெளிந்திருந்தது! நிறத்தைச் செய்கிற டைரோசினேஸ் என்ற நொதியத்தைத்தான் வைட்டமின் சி மட்டுப்படுத்துகிறது. வெயில் அதே நொதியத்தை ஒவ்வொரு நாளும் தட்டி எழுப்புகிறது. எழுப்புகிறவரை நிறுத்தாமல் தாலாட்டுக்கு 5,600 ரூபாய் கொடுப்பது எந்த ஊர்க் கணக்கு?

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். சன்ஸ்கிரீன் பூசச் சோம்பல் என்றால் ஒன்றுதான். எரிச்சல் தாங்காத தோல்காரர் லேபலில் அஸ்கோர்பில் குளுக்கோசைட் அல்லது மக்னீசியம் அஸ்கோர்பில் பொஸ்பேட் என்று இருப்பதைப் பார்க்கலாம். வைட்டமின் சியின் அந்த வடிவங்கள் மென்மை, சீக்கிரம் கெடாது, வேலை மட்டும் மெதுவாக நடக்கும். பரவலான மங்கு என்றாலோ, ஒரு மச்சம் திடீரென்று வளர்ந்து நிறம் மாறினாலோ சீரத்தை விட்டுவிட்டுத் தோல் டொக்டரிடம் காட்டுங்கள்.

போத்தல் போன கிழமை முடிந்தது. அடுத்ததற்கு இன்னும் ஓடர் கொடுக்கவில்லை. அந்தக் காசில் ஒரு சன்ஸ்கிரீனும், முழங்கைவரை ஏறும் பருத்திக் கையுறை ஒரு சோடியும், ஹெல்மெட்டுக்குக் கறுப்புக் கண்ணாடியும் வாங்கியாயிற்று. மணிக்கூட்டுத் தடம் மட்டும் இன்னும் போகவில்லை.